சேனநாயக்க சமுத்திரம்: ஆகஸ்டில் தண்ணி வத்தின நேரம் வள்ளப் பயணம் சரிவருமா?

நாவலடிக்காற்று எழுதியது:

ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில் மட்டக்களப்பிலிருந்து இங்கினியாகலைக்கு ஒரு நாள் போய்வர யோசிக்கிறோம். பதினாலு பேர். அதில் அறுபத்தைந்து தாண்டிய இரண்டு பேர், பிள்ளைகள் நாலு பேர், கடைசிக்கு ஆறு வயது. அங்கே உள்ள சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கத்தில் வள்ளத்தில் ஏறி யானை பார்க்க வேண்டும், பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் குளிக்க விட வேண்டும், அவ்வளவுதான் எங்கள் திட்டம்.

ஆனால் அந்த மாதத்தில் தண்ணி நல்லா இறங்கிவிடும் என்கிறார்கள். நீர்மட்டத்தைப் பார்க்கலாம் என்றால் ஒரு செய்தியில் அடி, இன்னொன்றில் வீதம், மற்றதில் ஏக்கர் அடி. எதை வைத்து வள்ளம் ஓடும், ஓடாது என்று முடிவெடுப்பது? சரிவராவிட்டால் உன்னிச்சை, நவகிரிக் குளங்கள் பக்கம் போனால் என்ன? மாரியில் வான் பாயும்போது (குளம் நிறைந்து மிச்சத் தண்ணி வழியும்போது) போவதுதான் நல்லது என்று ஒரு மாமா நிற்கிறார். விசயம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.


துருசடி எழுதியது:

அளவு சொல்லும் மூன்று வழியையும் முதலில் பிரித்துப் பார்ப்போம், ஏனென்றால் முக்கால்வாசிக் குழப்பம் அங்கேதான்.

சமுத்திரம் நிறைந்தால் 7,70,000 ஏக்கர் அடி தண்ணி. கன மீற்றரில் 95 கோடி. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்குத் தண்ணி கட்டினால் அது ஓர் ஏக்கர் அடி. வயல்காரனுக்கு இதைவிட நல்ல அளவு கிடையாது, வரவையில் (வரப்புக் கட்டின வயல் துண்டில்) கட்டுகிற தண்ணியை அப்படியே கணக்குப் பார்க்கலாம். வீதம் என்று வருவது அந்த 7,70,000த்தில் எத்தனை பங்கு மிச்சம் என்பது.

அடி என்பதுதான் ஏமாற்றும். எங்கள் பக்கத்துக் குளங்களில் அளவுகோலின் பூச்சியம் பெரும்பாலும் துருசின் (வயலுக்குத் தண்ணி விடும் மதகின்) வாசற்படி. உன்னிச்சை 33 அடி, நவகிரி 31 அடி என்றால் துருசு வாசற்படிக்கு மேலே நிற்கும் தண்ணியின் உயரம். அதற்குக் கீழேயும் தண்ணி கிடக்கும், ஆனால் துருசு வழியாக வயலுக்கு வராது. பெரிய நீர்த்தேக்கங்களில் சில வேளை கடல் மட்டத்திலிருந்து அடி சொல்வார்கள். இரண்டையும் ஒரே தாளில் போட்டு ஒப்பிட்டால் கணக்கு நாறிவிடும்.

இன்னொன்று, பாதி உயரம் என்றால் பாதித் தண்ணி இல்லை. குளத்தின் அடி சட்டி மாதிரி, மேலே விரிந்து கீழே ஒடுங்கும். 33 அடிக் குளத்தில் பதினாறரை அடி நிற்கிறது என்றால் கையில் இருப்பது கால்வாசி, அல்லது அதிலும் குறைவு. இதையே தலைகீழாகவும் பாருங்கள். சமுத்திரத்தில் 40 வீதம் தண்ணி என்று செய்தி வந்தால் எல்லாரும் வத்திப்போச்சு என்று பதறுவார்கள். ஆழத்தில் பார்த்தால் அறுபது வீதத்துக்கு மேல் அப்போதும் நிற்கும். வள்ளம் ஓட அது தாராளம். வள்ளத்துக்குத் தொல்லை ஆழத்தால் வருவதில்லை, கரையால் வரும். அதைப் படகு ஓட்டத் தெரிந்த ஆட்கள் சொல்லட்டும்.

எத்தனை நாளில் எவ்வளவு இறங்கும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 1,000 கியூசெக் (செக்கனுக்கு 1,000 கன அடி) தண்ணி ஒரு நாள் முழுக்க விட்டால் கிட்டத்தட்ட 2,000 ஏக்கர் அடி. நிறைந்து நிற்கும்போது சமுத்திரத்தின் பரப்பு 19,000 ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். அந்த விடுகையில் ஓர் அடி இறங்க ஒன்பது பத்து நாள் எடுக்கும். தண்ணி 40 வீதத்துக்கு வந்தபின் பரப்பு சுமார் 12,000 ஏக்கர் என்று வையுங்கள், அதே விடுகைக்கு ஆறே நாளில் ஓர் அடி. அதனால்தான் சிறுபோகத்தின் (வெயில் கால வேளாண்மையின்) கடைசியில் குளம் ஓடி ஓடி இறங்குவது போலத் தெரியும். கதவை யாரும் கூடத் திறக்கவில்லை, சட்டி ஒடுங்குகிறது. வெயிலும் தன் பங்கை எடுக்கும். நாளுக்கு ஆறு மில்லிமீற்றர் ஆவியானால் மாதத்துக்கு ஏழு அங்குலம். அதைத் திருப்பிக் கேட்க ஆள் இல்லை.

வருடத்தின் ஓட்டம் இப்படித்தான்: ஒக்டோபர், நவம்பர் மழையில் ஏறத் தொடங்கும், டிசம்பர், ஜனவரி வாடைக்காற்று மழையில் அந்த வருடத்தின் உச்சத்துக்கு வரும், சிறுபோகத்துக்குத் தண்ணி திறந்தபின் இறங்கும், செப்டெம்பர், ஒக்டோபர் முற்பகுதியில் அடியில் நிற்கும். நீங்கள் போக நினைக்கும் ஆகஸ்ட் இறக்கத்தின் கடைசிப் படி. இதில் கெடுதல் ஒன்றுமில்லை. யானை பார்க்கிற ஆளுக்கு இறங்கின தண்ணிதான் நல்லது, அதைக் கீழே யாராவது எழுதுவார்கள்.

எவ்வளவு தண்ணி, எந்தத் திகதியில் விடுவது, எந்தத் திகதியில் நிறுத்துவது என்பதெல்லாம் சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில் முடிவாகும். உங்கள் சொந்தக்காரர் யாருக்காவது சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கம் காணி இருந்தால் அவரிடமோ வட்டைவிதானையிடமோ (வயல் தண்ணி அலுவலைப் பார்ப்பவர்) கடைசித் தண்ணி என்றைக்கு என்று கேளுங்கள். செய்தியில் வரும் அடியைவிட அந்தத் திகதி உங்களுக்கு உதவும். தண்ணி நிறுத்தினால் இறக்கம் ஆவியாதலோடு நின்றுவிடும், கரை ஒரே இடத்தில் நிற்கும், வள்ளக்காரருக்கும் துறை தெரியும்.


அணியம் எழுதியது:

துருசடி அண்ணன் கரை என்று விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

மேற்குப் பக்கம், ஆறு உள்ளே வரும் வாய்க்கால்களின் ஓரம் எல்லாம் சரிவு மிகக் குறைவு. நூறு அடிக்கு ஓர் அடி சரிவு என்றால், தண்ணி ஓர் அடி இறங்க கரை நூறு அடி உள்ளே போகும். பத்து அடி இறங்கினால் ஆயிரம் அடி. அந்த வெளிப்பட்ட நிலத்தில் இரண்டு மூன்று கிழமைக்குள் பச்சைப் புல் குப்பென்று எழும். யானைக் கூட்டம் அந்தப் புல்லுக்குத்தான் கரைக்கு வருகிறது. சமுத்திரத்தைச் சுற்றியுள்ள கல்லோயா தேசிய பூங்காவில் மார்ச் தொடக்கம் ஜூலை வரை நல்ல காலம் என்பார்கள், அதன் காரணமும் இதுதான்: தண்ணி ஓரளவு நிற்கும், தீவுகள் தீவாகவே இருக்கும், யானை ஒரு தீவிலிருந்து மற்றதுக்கு நீந்தும், புல்லும் கிடைக்கும். ஆகஸ்ட் கடைசியில் சில தீவுகள் கரையோடு ஒட்டிவிடும். நீந்துகிற யானையைப் பார்க்கும் வாய்ப்புக் குறையும், மேய்கிற யானை குறையாது. பிள்ளைகளிடம் நீந்தும் யானை என்று சத்தியம் பண்ணிக் கூட்டி வராதீர்கள்.

இப்போது வள்ளம். அணை கட்டும்போது உள்ளே இருந்த காடு அப்படியே மூழ்கியது. 1949இல் வேலை தொடங்கி ஐம்பத்தொன்றோடு தண்ணி பிடித்த இடம். செத்த மரங்களின் கட்டைகள் இன்னும் அடியில் நிற்கின்றன. தண்ணி நிறைய நிற்கும்போது கட்டை ஆழத்தில், தொல்லை இல்லை. நல்லா வத்தினால் கட்டை வெளியே தெரியும், ஓட்டுபவர் விலத்துவார். இடைப்பட்ட மட்டத்தில் நுனி தண்ணிக்கு ஒரு சாண் கீழே இருக்கும், அதுதான் பொல்லாதது. அங்கே முழு வேகத்தில் போகிற வள்ளத்தில் ஏறாதீர்கள்.

கட்டையில் புரொப்பெல்லர் அடித்தால் என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பது நல்லது. சின்ன எஞ்சினில் ஷியர் பின் உடையும். உடைவதற்கென்றே போட்ட மென்மையான ஆணி அது, கியர் தப்பும். உதிரி ஆணியும் குறடும் இருந்தால் பத்து நிமிட வேலை. 15, 25 குதிரைவலு எஞ்சின்களில் ஆணி இல்லை, புரொப்பெல்லரின் நடுவில் ரப்பர் புஷ் இருக்கும், அது வழுகும். எஞ்சின் கத்தும், வள்ளம் நகராது. அப்போது அக்சிலேட்டரை முறுக்க முறுக்க ரப்பர் சூடாகி இன்னும் வழுகும். மெல்லக் குறைத்து, நடக்கிற வேகத்தில் வந்தால் பிடித்துக்கொண்டு கரை சேர்க்கும். ஓட்டுபவருக்கு இது தெரியும். பின்னால் இருந்து “வேகமா ஓடுங்க” என்று சத்தம் போடாமல் இருந்தாலே உதவி.

சேறும் பாசியும் இன்னொரு தொல்லை. எஞ்சினின் பக்கவாட்டில் மெல்லிய ஊசித் தாரை மாதிரித் தண்ணி பீய்ச்சும், பார்த்திருப்பீர்கள். அது குளிர்விக்கும் தண்ணி. ஆழம் குறைந்த இடத்தில் தண்ணி இழுக்கும் வாய் அடைத்தால் அந்தத் தாரை மெலியும், அல்லது நிற்கும். உடனே நிறுத்தி, எஞ்சினைத் தூக்கி, பாசியை எடுத்துவிட வேண்டும். ஐந்து நிமிடம் கவனிக்காமல் விட்டால் எஞ்சின் காய்ந்து இறுகும். பின்னால் உட்காரும் ஆள் ஒருவர் அந்தத் தாரையில் ஒரு கண் வைத்திருக்கட்டும்.

காற்று. ஜூன் தொடக்கம் ஆகஸ்ட் வரை கச்சான் (தின்கிற கச்சான் இல்லை, மேற்கிலிருந்து வரும் காய்ந்த காற்று). அணை கிழக்கு ஓரம், நீளமான வெட்டவெளித் தண்ணி மேற்கே. காற்று முழு நீளத்துக்கும் தண்ணியைத் தள்ளி வர அலை அணைப்பக்கம் வளர்ந்து நிற்கும். போகும்போது அணியத்தில் (வள்ளத்தின் முன்பக்கத்தில்) அடி, முன்னால் இருப்பவர்கள் நனைவார்கள், இடுப்பு நோக்காடு உள்ள பெரியவர்களுக்கு ஆகாது. அவர்களை நடுவிலிருந்து பின்பக்கமாக இருத்துங்கள், அங்கே துள்ளல் குறைவு. திரும்பும்போது அலை பின்னாலிருந்து வரும், வேகம் அதிகம் குறைத்தால் பின்பக்கத்தால் தண்ணி ஏறும். எஞ்சின் நின்றால் காற்று வள்ளத்தை அணையின் கல்லடுக்குப் பக்கம்தான் தள்ளும், ஆகவே நங்கூரமோ கயிறு கட்டிய கல்லோ இல்லாத வள்ளம் வேண்டாம். இதெல்லாம் பகல் ஏற ஏறத்தான். விடிய தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கும்.

பதினாலு பேர் என்றால் இரண்டு வள்ளம், ஏழு ஏழு. ஒன்றில் ஏற்றித் தருகிறேன் என்று யாரும் சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். எல்லாரும் ஏறி இருந்தபின் விளிம்புக்கும் தண்ணிக்கும் ஒன்றரைச் சாணாவது இருக்க வேண்டும், கையை வைத்துப் பாருங்கள்.

உயிர்காப்பு அங்கி எல்லாருக்கும், கொக்கி எல்லாம் பூட்டி. போட்டபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். அங்கி காது வரை ஏறினால் பெரிது, தண்ணியில் அது தலையால் கழன்று போகும். ஆறு வயதுப் பிள்ளைக்கு கால் நடுவால் போகும் பட்டி கட்டாயம். பெரியாட்களின் அங்கியைச் சின்னப் பிள்ளைக்குச் சுற்றிக் கட்டுவது ஒன்றும் போடாததற்குச் சமம். பழைய அங்கியின் பஞ்சை அமத்திப் பாருங்கள். அமத்தின குழி எழும்பாவிட்டாலோ, காய்ந்த அங்கி கையில் பாரமாக இருந்தாலோ மாற்றித் தரச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.


நாவலடிக்காற்று எழுதியது:

இவ்வளவு விபரமா! நன்றி. விடிய வேண்டும் என்றால் ஐந்தரைக்குத் துறையில் நிற்க வேண்டும். அப்போ மட்டக்களப்பிலிருந்து இரண்டரை, மூன்று மணிக்கு வெளிக்கிட வேண்டி வருமே? பின்னேரம் மூன்று மணிப் பயணம் பெரியவர்களுக்கு லேசு என்று பார்த்தேன்.


மருதமுனைத்தறி எழுதியது:

இரவு மூன்று மணிக்கு வெளிக்கிடாதீங்க. கல்முனை, காரைதீவு, சம்மாந்துறை, அம்பாறை வழியே சுமார் 90 கிலோமீற்றர், ரெண்டேகால் மணித்தியாலம். காரைதீவு வரை பிரச்சினை இல்லை. அம்பாறை தாண்டி இங்கினியாகலை வரைக்கும் உள்ள ரோட்டில் விடியச் சாமமும் பொழுதுபட்ட பிறகும் யானை கடக்கும். ஹெட்லைட் வெளிச்சத்தில் யானை கறுப்புச் சுவர் மாதிரித்தான் நிற்கும், கிட்டப் போகும் வரை கண் பிடிக்காது. ஹயஸ் வேன் நிறையப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்த நேரம் அந்த ரோடு தேவையா?

அதே காரணத்துக்காகப் பின்னேரப் பயணமும் ஆகஸ்டுக்குச் சரியில்லை. மூன்று மணிக்கு ஏறினால் அணியம் சொன்ன காற்று, ஆறு மணிக்கு இறங்கினால் ரோட்டில் யானை. ரெண்டும் சேர்ந்து அடிக்கும். யானை கரைக்கு வருவது பின்னேரம்தான் கூட, அது உண்மை. பெரிய ஆட்கள் மட்டும் வந்தால் நானும் பின்னேரத்தைத்தான் சொல்வேன். ஆறு வயதுப் பிள்ளையோடு இல்லை.

நடுவழி இருக்கு. முதல் நாள் பின்னேரமே அம்பாறைக்கு வந்து தங்குங்க. விடிந்து வெளிச்சம் வந்தபின் ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் இருபது கிலோமீற்றர்தானே. ஏழு மணிக்கு வள்ளம், ஒன்பதரைக்குத் திரும்பிடலாம். அடையாள அட்டைகளை ஒரு ஆளிடம் சேர்த்து வையுங்க. பூங்கா டிக்கட் வேறு, வள்ளக் காசு வேறு. வனஜீவராசிகள் அலுவலகத்தில் டிக்கட் எடுத்துப் போவதுதான் முறை. “டிக்கட் தேவையில்ல, நான் கூட்டிப் போறன்” என்று கரையில் சொல்ற ஆளோடு போகாதீங்க, அவர்களிடம் அங்கியும் இருக்காது.

அணைக்கட்டில் ஏறிப் படம் எடுப்பதைத் திட்டத்தில் போட வேண்டாம். கீழே மின் நிலையம் இருக்கும் இடம், காவலில் கேட்டு அனுமதித்தால் மட்டும்.


படுவான்கரைக் குருவி எழுதியது:

குளிப்பைப் பற்றி ஒருத்தரும் எழுதவில்லை, ஆபத்து அதில்தான் கூட.

சமுத்திரத்துக்குள் பிள்ளைகளை இறக்க வேண்டாம். வத்தின கரையில் மேலே காய்ந்து வெடித்த மண், கால் வைத்தால் தாங்கும். தண்ணிக்குப் பத்துப் பன்னிரண்டு அடி இப்பால் மேல் தோல் மட்டும் காய்ந்திருக்கும், கீழே களி. பெரியாள் முழங்கால் வரை போவார், பிள்ளை இடுப்பு வரை. இழுத்து எடுக்கப் போகிறவரும் புதைவார். அப்படி மாட்டினால் நின்று இழுக்கக் கூடாது. மல்லாக்கப் படுத்து, பாரத்தைப் பரப்பி, ஒரு காலை மெல்ல ஆட்டி ஆட்டித் தண்ணி உள்ளே போக விட்டு எடுக்க வேண்டும். பலகையோ தென்னோலையோ போட்டு அதன்மேல் நின்று உதவ வேண்டும்.

முதலையும் உண்டு. குளத்து முதலை, மட்டக்களப்பு வாவியில் இருக்கும் செம்மூக்கன் முதலையைப் போல் பெரிதாக வளராது, ஆனால் பிள்ளைக்கு அது போதும். தண்ணி குறையக் குறைய முதலை எல்லாம் மிச்சத் தண்ணிக்குள் நெருங்கும்.

வாய்க்காலில் குளிக்கலாம் என்று ரோட்டோரம் இறங்குவார்கள். இடதுகரை, வலதுகரை வாய்க்கால் ரெண்டிலும் ஒரே விசயம்தான். சிறுபோகக் கடைசியில் தண்ணி முறை வைத்துத்தான் விடுவார்கள், சில நாள் திறப்பு, சில நாள் பூட்டு. காலையில் முழங்கால் தண்ணி, மத்தியானம் மார்பளவு என்பது சாதாரணம், மேலே கதவு திறந்தது கீழே இருக்கிற ஆளுக்குத் தெரியாது. கொங்கிறீட் கட்டின சரிவில் பாசி பிடித்திருக்கும், இறங்குவது லேசு, ஏறப் பிடிமானம் இல்லை. மறுகா, தண்ணி ஒரு படியிலிருந்து கீழே விழும் இடம். நுரை தள்ளிக்கொண்டு வடிவாக இருக்கும், பிள்ளைகள் அங்கேதான் ஓடும். விழுந்த தண்ணி அடியில் திரும்பிச் சுழன்று, மேலே மிதப்பதை விழும் இடத்துக்கே திரும்ப இழுக்கும். நீந்தத் தெரிந்தவரும் அதில் நின்று களைத்துப்போவார். மாட்டினால் மேலே வர அடிபடாமல், அடியோடு கீழ்ப்பக்கமாகப் போய்ச் சுழியைத் தாண்டித்தான் எழும்ப வேண்டும்.

துருசுக்கு மேற்பக்கம், குளத்துக்குள்ளே, தண்ணி அசையாமல் கிடக்கும். கதவு திறந்திருந்தால் அடியில் இழுவை இருக்கும், மேலே ஒரு சுளிப்பும் காட்டாது. துருசடியில் நீந்தக் கூடாது என்று ஊரில் பெரியவர்கள் ஏசுவது இதற்குத்தான்.

ஆகஸ்டில் ஓரத்தில் பச்சைப் பெயின்ற் ஊற்றினது மாதிரி ஏடு படர்ந்திருந்தால் கை கால் கழுவவும் வேண்டாம். நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. குடிக்க, தேத்தண்ணி போட வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள், ஆளுக்கு மூன்று லீற்றர் கணக்கில்.

குளிப்புக்கு ஒரே வழி, தங்குமிடத்தில் கிணறோ தொட்டியோ உள்ள இடமாக எடுங்கள். பிள்ளைகளுக்குத் தண்ணிதானே வேணும், சமுத்திரம் வேணும் என்றில்லையே.

உன்னிச்சை கேட்டீர்கள். மட்டக்களப்பிலிருந்து வவுணதீவு, ஆயித்தியமலை வழியே ஒரு மணித்தியாலத்துக்குள் போகலாம், குளக்கட்டில் நின்று பார்க்க, மரநிழலில் சாப்பிட நல்ல இடம். யானை பார்க்கும் வள்ளம் எதுவும் அங்கே எதிர்பார்க்க வேண்டாம். மட்டக்களப்புக்குக் குழாயில் வருகிற தண்ணி உன்னிச்சைக் குளத்துத் தண்ணிதான், வவுணதீவில் சுத்திகரித்து வருகிறது. அதற்குள் சவர்க்காரம் போட்டுக் குளித்து, மோட்டார்சைக்கிள் கழுவி, மீந்த சோற்றுப் பொதியையும் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போய் பைப்பைத் திறக்கிற ஆட்களை என்னவென்று சொல்வது கா! கொண்டவெட்டுவான் குளத்துக்கும் இதே கதை, அம்பாறையும் கரையோர ஊர்களும் குடிக்கிற தண்ணி அது. வெயில் சாய்வதற்கு முன், நாலரைக்குள், குளக்கட்டை விட்டு இறங்கிவிடுங்கள்.


துருசடி எழுதியது:

வான் பாயும்போது போகச் சொல்லும் மாமாவுக்கு ஒரு பதில் மிச்சம் இருக்கிறது.

சமுத்திரம் வான் பாய்வது அபூர்வம். உள்ளே அடங்கும் தண்ணி அவ்வளவு பெரிது, ஒரு மாரியில் நிறையாமல் மற்ற வருடத்துக்குக் கொண்டுபோகும். 1957 டிசம்பர் வெள்ளம் மாதிரி வருடங்களைத்தான் ஆட்கள் நினைவு வைத்திருக்கிறார்கள். வான் பார்க்க உன்னிச்சை, நவகிரி, உறுகாமம்தான். அது ஒரு காட்சிதான், மறுக்கவில்லை.

உன்னிச்சையில் வான்கதவுகள் உண்டு. குளம் முட்ட நிறையும் வரை காத்திருக்க மாட்டார்கள். மேலே நீரேந்துப் பகுதியில் பெருமழை தொடர்ந்தால் முன்கூட்டியே கொஞ்சம் திறந்து இடம் வைப்பார்கள், மழை விட்டால் பூட்டுவார்கள். அவசரப்பட்டுத் திறந்து, மழை வராமல் போனால் சிறுபோகத்துக்குத் தண்ணி போதாது. பிந்தித் திறந்தால் ஒரேயடியாகப் பெருந்தண்ணி கீழே போகும். “ஏன் இன்றைக்குத் திறந்தான், ஏன் நேற்றுத் திறக்கவில்லை” என்று ஒவ்வொரு மாரியும் சண்டை வருவதன் உள்விபரம் இவ்வளவுதான்.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஆபத்து குளக்கட்டில் குறைவு, போகும் வழியில் கூட. கீழ்ப்பக்கத் தாம்போதிகளில் (வெள்ளம் மேலால் ஓடும் தாழ்ந்த ரோட்டில்) தண்ணி ஏறினால் கலங்கல் தண்ணிக்குள் ரோட்டின் ஓரம் அரித்துப் போனது தெரியாது. ஓடுகிற தண்ணி ஆறு அங்குலம் இருந்தால் ஆளை விழுத்தும், ஓர் அடி இருந்தால் சின்னக் காரை நகர்த்தும், இரண்டு அடியில் வேனும் போகும். உழவு இயந்திரம் பாரம் என்று நம்பி ஏறுவதும் பிழை, பெட்டி மிதந்தால் தலையையும் சேர்த்து இழுக்கும். வாவியின் முகத்துவாரம் மண்மேடு அடைத்துக் கிடக்கும் நாட்களில் கீழே தண்ணி வடிய இன்னும் நேரம் எடுக்கும், மழை விட்ட மறுநாளும் தாம்போதி இறங்காது. போக முன் 117க்கு எடுத்துக் கேளுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையம்.

யாரோ தனி மடலில் வலை வீசலாமா என்று கேட்டிருந்தார். அனுமதிப்பத்திரம் இல்லாமல் முடியாது, கண்ணி இழுத்துப் பிடித்த அளவில் 85 மில்லிமீற்றருக்குக் குறைந்த வலையும் ஆகாது. திலாப்பியா ஒருதரமாவது குஞ்சு போட்டு வளரட்டும் என்றுதான் அந்த அளவு.


நாவலடிக்காற்று எழுதியது:

அம்பாறையில் தங்கி ஏழு மணி வள்ளம் என்று முடிவாகிவிட்டது. குளிப்பு தங்குமிடத்துத் தொட்டியில். மாமாவுக்கு மாரியில் உன்னிச்சை. முதல் நாள் வள்ளக்காரரிடம் போனில் என்னென்ன கேட்க வேண்டும்?


அணியம் எழுதியது:

துறை இப்போது எந்த இடத்தில், வாகனம் நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள். பெரியவர்கள் இரண்டு பேருக்கும் அதுதான் பெரிய விசயம். முந்நூறு மீற்றருக்கு மேல் வெடித்த மண்ணில் நடை என்றால் கைத்தடியும், பின்னால் வார் உள்ள செருப்பும். பாட்டாச் செருப்பு களியில் கழன்று நின்றுவிடும். வள்ளத்தில் ஏறப் பலகை போடுவார்களா, இல்லை முழங்கால் தண்ணிக்குள் இறங்கி ஏற வேண்டுமா என்றும் கேளுங்கள்.

மறுகா, சின்னப் பிள்ளை அளவு அங்கி நாலு இருக்கிறதா. “இருக்கு” என்றால் போதாது, பிள்ளைகளின் நிறையைச் சொல்லிக் கேளுங்கள், 18 கிலோ, 22 கிலோ என்று. துடுப்பு இரண்டு, நங்கூரம், உதிரிப் பெற்றோல். நேற்று எத்தனை மணிக்குக் காற்று ஏறியது என்று கேட்டால் நல்ல ஓட்டி நேரத்தோடு சொல்வார். ஒன்பது மணி என்றால் ஏழு மணிப் பயணத்தை ஆறரைக்கு இழுங்கள், அம்பாறையில் வெளிச்சம் கண்டவுடனே வெளிக்கிட்டால் எட்டும்.

யானை தண்ணிக்குள் இருந்தால் அதற்கும் கரைக்கும் நடுவில் வள்ளத்தை விட வேண்டாம் என்று ஏறும் முன்னமே சொல்லிவிடுங்கள். குட்டியைத் தாயும் இன்னொரு பெரியதும் நடுவில் வைத்துத்தான் கூட்டிப் போகும். குறுக்கே போனால் திரும்பும், குட்டி களைக்கும். எஞ்சினைக் குறைத்துத் தள்ளி நின்றால் தும்பிக்கை நுனி மட்டும் தண்ணிக்கு மேலே வந்து வந்து போவது தெரியும், சத்தம் இல்லாவிட்டால் அது மூச்சு விடுவதும் கேட்கும்.